பக்கத்திலேயே இருக்கேன்

‘ஜூன் 9. இன்று பதிவேட்டில் “யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்ற இடத்தில் தவறுதலாக என் பெயரையே எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினேன்.’

வினுதாவின் டைரி இப்படித் தொடங்கியது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டபின், ஆறு வருடமாக வாரம் ஒருநாள் ஹுப்பள்ளி மருத்துவமனைக்குப் போய், அதே நோய் வந்த பெண்களுக்குத் தைரியம் சொல்கிறாள்.

இன்று கௌரவ்வா. மடியில் இரண்டு வயது மகள்.

“எனக்கு மருந்து வேணாங்க்கா. ஊருக்கே போயிடறேன்.”

“போய்? ரொட்டி தட்டுற கையால நோயைத் தட்டி விரட்டப் போறியா?”

கௌரவ்வாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“மருந்து ஏத்துறப்ப புருஷனைக்கூட உள்ளே விடமாட்டாங்களாமே. தனியா எப்படிக்கா?”

“எனக்கு ஏத்துறப்ப என் பையனுக்கு ஒரு வயசு. இப்ப அவன் என்னையே மிரட்டுறான், பாரு.”

“நீங்க கூட இருந்தா ஏத்திக்கிறேன்.”

வினுதா சம்மதப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இருக்கேன். பக்கத்துலயே.”

“உங்களை மட்டும் விடுவாங்களா?”

“விடுவாங்க. நீ கையெழுத்துப் போடு.”

கௌரவ்வா போட்டாள்.

அவள் போனதும் நர்ஸ் ரேணுகா கேட்டாள்.

“உங்களுக்கு நோய் திரும்பி வந்து ஈரல் வரைக்கும் பரவிடுச்சுன்னு அவகிட்ட சொல்லலையாக்கா?”

“சொன்னா ஓடிடுவா.”

“நாளைக்கு உங்க கையில ஊசியைப் பார்ப்பாளே?”

“பார்க்கட்டும். டாக்டர் எனக்குச் சொன்னது ஆறு மாசம். அதுக்குள்ள அவளோட மருந்து முடிஞ்சிடும்.”

வினுதா டைரியில் அன்றைய கடைசி வரியை எழுதினாள்.

‘நாளை காலை எட்டு மணி. எனக்கு ஏழாம் படுக்கை. கௌரவ்வாவுக்கு எட்டாம் படுக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.’