ஜெர்மனித் தூசி

“இவ்வளவு பளபளன்னு இருக்கே, இதுலேயே தெரியலையா போலின்னு?” என்று காருக்கான ஏர் ஃபில்டரை மூக்கருகே கொண்டுபோனார் நார்ட்டே. வெயிலில் பிடித்துப் பார்த்தார். மடிப்புகளை எண்ணினார். பிறகு கெட்டுப்போன மீனைத் திருப்பித் தருவதுபோல் இரண்டு விரலால் பிடித்துக் கடைக்காரி டெடேயிடம் நீட்டினார்.

“ஐயா, கம்பெனி ஏஜென்டுகிட்டேயிருந்து நேரா வந்தது. உங்க எதிர்லதானே பெட்டியைப் பிரிச்சேன்?”

“பெட்டியை அச்சடிக்க எத்தனை நேரம் ஆகும்? நீ யார்கிட்ட பேசறே தெரியுமா? துறைமுகத்துல முப்பது வருஷம் சுங்க அதிகாரி. கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த நாட்டுச் சாமான்னு மோந்தே சொல்லுவேன்.”

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. மூக்கு மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

அபோசி ஒகாய் உதிரிபாகச் சந்தையில் அவர் ஏறி இறங்கிய ஐந்தாவது கடை இது. புதிது என்றால் போலி, வெள்ளைக்காரன் உபயோகித்துக் கழித்தது என்றால் அசல் என்பது கானாவின் தலைநகர் அக்ராவில் பலருக்கு வேதவாக்கு. நார்ட்டே வீட்டில் குளிர்பெட்டி, மெத்தை, சலவை இயந்திரம் எல்லாமே எங்கோ யாரோ பயன்படுத்திச் சலித்தவை. சலவை இயந்திரம் துவைக்காது. ஆனால் அசல்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை மகள் அஜேலேக்கு அபுரி மலைமேல் கல்யாணம். போன வாரம் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது கார் பாதி மலையில் இருமி இருமி நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் மாமன்மார் நாலு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். “பொண்ணோட சேர்த்துக் காரையும் எங்ககிட்டேயே விட்டுட்டுப் போயிடுங்க” என்று அதில் ஒருவர் சொன்னது நார்ட்டேக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. மணப்பெண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு முறை நின்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஃபில்டர் அடைத்துக் கிடக்கிறது, மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

“வெளிநாட்டுல ஓடினது இருந்தா எடு. இல்லேன்னா ஆளை விடு.”

“காலையிலேருந்து நீங்க நாலாவது ஆளு ஐயா, இதையே சொல்றது” என்று டெடே பெருமூச்சு விட்டாள்.

கூட வந்திருந்த மனைவி கோர்கோருக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, கதவு, கண்ணாடின்னா பழசு வாங்கலாம். இது தூசியைப் பிடிக்கிற சாமான். அடுத்தவன் மூக்கு சிந்தின கைக்குட்டையைக் காசு குடுத்து வாங்குவீங்களா?”

“உனக்கு என்ன தெரியும்? அவங்க ஊர்ல தூசியே கிடையாது.”

“தூசியே இல்லாத ஊர்ல ஃபில்டர் எதுக்காம்?”

இது நார்ட்டேயின் காதில் விழவில்லை. மூக்கு அளவுக்கு அவர் காது தேர்ந்ததல்ல.

டெடே சற்று யோசித்தாள். “ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா ஒரு பாஸ்டருக்குன்னு எடுத்து வெச்சது…”

“பாஸ்டருக்கு ஆண்டவர் இருக்கார். அதை எனக்கு எடு.”

உள்ளே போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. அவள் கொண்டுவந்த ஃபில்டரின் மடிப்புகள் மேல் வெளிறிய தூசி அப்பியிருந்தது. நார்ட்டேயின் முகம் மலர்ந்தது. தொட்டார், விரலில் தேய்த்தார், கண்ணை மூடி முகர்ந்தார்.

“நிறத்தைப் பார்த்தியா கோர்கோர்? நம்ம ஊர்த் தூசி செக்கச்செவேல்னு இருக்கும். இது ஜெர்மனி. லேசாப் புகை வாசனை வேற வருது. குளிர்காலத்துல வீட்டுக்குள்ளேயே விறகு எரிப்பாங்க. பெரிய குடும்பத்து வண்டி.”

“ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று டெடே தலையைக் குனிந்துகொண்டாள்.

புதியதைவிட விலை கூடுதல். நார்ட்டே பேரம் பேசவில்லை. ஜெர்மனியோடு பேரம் பேசுவது மரியாதையில்லை அல்லவா?

“சனிக்கிழமைக்கு நான் பட்டுச் செருப்பு போடப் போறதில்ல. தள்ளறதுக்குத் தோதா ரப்பர் செருப்புதான்” என்றாள் கோர்கோர்.

சனிக்கிழமை கார் நிற்கவில்லை. மணப்பெண்ணையும் அவளுடைய இரண்டு கனத்த அத்தைகளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை, சமவெளியில் போவதுபோல் மலை ஏறியது. தள்ளுவதற்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வளைவில் காத்திருந்த மாமன்மாரைக் கடக்கும்போது நார்ட்டே தேவையில்லாமல் மூன்று முறை ஹாரன் அடித்தார்.

விருந்தில் ஜொலோஃப் சோறு பரிமாறி முடிவதற்குள் ஜெர்மனித் தூசியின் மகிமை எல்லா மேஜைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கோர்கோர் ரப்பர் செருப்பை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டு, எப்படி என்று புரியாமல் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை டெடேயின் கடைவாசலில் அந்த நாலு மாமன்மாரும் நின்றார்கள். நாலு பேருக்கும் அதே ரகக் கார்தான்.

“புதுசைக் காட்டி ஏமாத்தற வேலையெல்லாம் எங்ககிட்ட வேண்டாம்மா. நார்ட்டே ஐயாவுக்குக் குடுத்தே பாரு, ஜெர்மனியில ஓடினது, அதான் வேணும். ஆளுக்கு ஒண்ணு.”

“உங்க அதிர்ஷ்டம், சரியா நாலு இருக்கு. உட்காருங்க, எடுத்துட்டு வரேன்.”

டெடே பின்வாசலுக்குப் போனாள். அங்கே வாழைக்காய் சுட்டு விற்கும் எஸி என்பவள் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். டெடே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, அடுப்புச் சாம்பல் இன்னும் நாலு பிடி குடுங்க, புதுப் பெட்டி நாலு பிரிக்கணும்.”