பதினாறு முடிச்சு

அவர் கயிற்றை மேலே இழுத்தார்.

நுனியில் கட்டியிருந்த அரிசி முடிச்சிலிருந்து ஆவி பறந்தது. பெயருக்குத்தான் வெந்நீர் ஊற்று. உள்ளே ஒரு யானையைக் கட்டி இறக்கினால் கால் மணி நேரத்தில் எலும்பு தனியாக வந்துவிடும் என்று வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அப்போது அவர் ஊற்றைப் பார்த்திருக்கவில்லை.

துணியைப் பிரித்தார்.

அரிசி அரிசியாகவே இருந்தது.

ஒன்றை எடுத்துக் கடித்தார். பல் கூசியது.

பக்கத்தில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி தன் முடிச்சைப் பிரித்தாள். அதே தண்ணீர். அதே நேரத்தில் இறக்கியது. சோறு பொலபொலவென்று வெந்திருந்தது. சிரித்தபடி ஒரு பிடி அள்ளி அவரிடம் நீட்டினாள்.

அவருடைய துணியைப் பார்த்தாள்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

தென்காசியிலிருந்து ஒரே பஸ்ஸில் இமயமலை யாத்திரை வந்த கூட்டம். பதினாறு குடும்பம், பதினாறு முடிச்சு. ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

ஒன்றுகூட வேகவில்லை.

படித்துறையில் ஆறிய ஊற்றுநீர்த் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் ஈரத்தோடு எழுந்து, ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

மலைப்பாதைக்கென்று அமர்த்திய டிரைவர் நேகி இந்த ஊர்க்காரர். படி இறங்கி வந்து பதினாறையும் பார்த்தார். பஸ் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பையின் பொத்தானையும் மாட்டினார்.

பிறகு இந்தியில் ஏதோ சொன்னார். கூட்டத்தில் இந்தி தெரிந்தவர் சமையற்காரர் இசக்கி ஒருவர்தான்.

“அரிசி வேகலைன்னா அந்தக் குடும்பம் இன்னைக்கு மேல ஏறக் கூடாதாம். மலை வேண்டாங்குதாம். ஒரு முடிச்சுன்னா அவுகள மட்டும் இங்க விட்டுட்டுப் போவாராம். பதினாறும்னா வண்டியவே எடுக்க மாட்டாராம்.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

சின்ன நகரம். ஒரு தெரு, ஒரு பாங்க், இரண்டு மருந்துக்கடை. அதன் தலைக்கு மேல் தேவதாருக் காடு. காட்டுக்கு மேல் கத்திக்கீறல் மாதிரி பாதை. பாதைக்கு மேல் மேகம், இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு.

இசக்கி தன் முடிச்சிலிருந்து ஓர் அரிசியை எடுத்தார். நகத்தால் கீறினார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அடப் பாவிகளா! இது நம்ம இட்லி அரிசில்லா! காலைல நாந்தான அள்ளிக் குடுத்தேன்! புழுங்கலரிசி கால் மணி நேரத்துல வேகுமா? இவுக போடுதது பச்சரிசி!”

சிரிப்பு வெடித்தது. யானைக் கதை சொன்ன அண்ணாச்சிதான் அதிகம் சிரித்தார். எதிர்மலை இரண்டடி பின்னால் தள்ளி நின்றது.

இசக்கி இந்தியில் விளக்கியும் நேகி சிரிக்கவில்லை. திருப்பி ஒன்று கேட்டார்.

“எல்லாரோடதும் அதே அரிசிதானான்னு கேக்காரு.”

அண்ணாச்சி முன்னால் வந்தார். நாற்பது வருடம் சர்வே ஆபீஸில் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற நாளோடு அளவையும் விட்டுவிட்டவர்.

“ஒரே மூட்டைன்னு சொல்லும்வே. ஒரே மில்லு, ஒரே வயலு! நாத்து நட்டதே நாந்தான்னு சொல்லும்!”

“அண்ணாச்சி நாத்தைக் கண்ணால பாத்திருக்கேளா?” என்றது ஒரு குரல்.

மறுபடி சிரிப்பு.

நேகி அவர் முகத்தையே பார்த்தார். அண்ணாச்சி வலது கையை உயர்த்தினார். கற்பூரம் அணைக்காத குறைதான்.

நேகி பொத்தானைக் கழற்றினார்.

பஸ் கிளம்பியது.

கடைத்தெருவின் இரு பக்கமும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் கையசைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

முதல் வளைவு. ஊர் காலுக்குக் கீழே போனது.

இரண்டாவது வளைவு. காடு வந்து வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. எங்கிருந்தோ பொடிக்கற்கள் பஸ்ஸின் கூரையில் உருண்டன. ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு லாரி லோடு என்று அவர் பின்சீட்டுக்காரரிடம் சொன்னார்.

ஜன்னலோரம் அவர் மனைவி உலகம்மாள். முழங்கால் வலி. முடிச்சைக் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டு, படி இறங்க முடியாமல் பஸ்ஸிலேயே இருந்துவிட்டாள்.

“கீழ என்ன அப்படிச் சிரிப்பு?”

அவர் சொன்னார். இசக்கி நெற்றியில் அடித்துக்கொண்டதை மூன்று தடவை நடித்துக் காட்டினார். இட்லி அரிசி என்றதும் அவளும் சிரித்தாள்.

“நல்லவேளை. இசக்கி குடுத்தத நான் கட்டலை.”

அவர் கை அந்தரத்தில் நின்றது.

“சாமி காரியத்துக்குப் புழுங்கலரிசியான்னு, வீட்டுலருந்து கொண்டாந்த பச்சரிசியத்தான் போட்டேன். நம்மளது வெந்திருக்குமே?”

முடிச்சு அவர் பைக்குள் இருந்தது. விரலை நுழைத்தார். ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார்.

நசுங்கவில்லை.

நேகி கியரை மாற்றினார். பஸ் ஒரு கணம் நின்று, பிறகு ஏறியது. இடது பக்கம் தரை இல்லை.

வண்டியை நிறுத்தச் சொல்லலாம். அண்ணாச்சி அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டார் என்பார்கள். பதினைந்து குடும்பமும் கை தட்டும்.

“ஏங்க. வெந்துச்சா?”

“வெந்துச்சு,” என்றார்.

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

உலகம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.