மரத்துக்காகப் பேசியவள்

1926 தையிலும் மாமரம் பூக்கவில்லை. ராயபுரத்து வழக்கப்படி அதை மிரட்டிப் பார்க்க முடிவெடுத்தான் துறைமுகத் தொழிலாளி அம்புரோஸ். அவன் கோடாலியை ஓங்குவான். மனைவி ஞானம் மரத்துக்குப் பின்னால் நின்று, மரம் பேசுவதுபோலக் கெஞ்ச வேண்டும்.

“காய்க்கலன்னா வெட்டிடுவேன்.”

“வெட்டாதே. பதினாலு தரேன்,” என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

வைகாசியில் சரியாகப் பதினான்கு பழங்கள். அம்புரோஸுக்குத் தலைகால் புரியவில்லை.

“எப்டிம்மே கரீக்டா சொன்னே?”

“நான் எங்க சொன்னேன்? கொழாயாண்ட நின்னுகினு இருந்தேன். வர்றதுக்குள்ள நீயே முடிச்சிட்டே.” ஞானத்தின் கண்கள் பளபளத்தன. “அப்போ பக்கத்துல காய்க்காம நிக்கிற அந்தக் கொய்யாவையும் கேளுய்யா.”

அம்புரோஸ் ஓடிப்போய்க் கோடாலியை எடுத்து வந்தான். மாமரத்துக்குப் பின்னால் சருகுகள் மிதிபட்டன. அந்தச் சத்தம் நிதானமாக நடந்து, கொய்யாவுக்குப் பின்னால் போய் நின்றது.