இரண்டு தனிக் கோடுகள்

சுவிட்சின் மேல் வைத்த விரலை அபினேஷ் அழுத்தவில்லை.

"அணை மக்கா" என்றாள் பெமிலா. "அம்மை உனக்க பக்கத்துலதானே நிக்கேன்."

அடுக்களைச் சாய்ப்பில் அந்த ஒற்றைப் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் ஆன்ட்ரூஸ் படுத்துக் கிடந்த அறை. அங்கே கட்டிலருகே இருந்த பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனைச் சொருகி ஓடவிட்டிருந்தாள். அதன் இரைச்சல் சுவர் தாண்டிக் கேட்டது.

ஓணத்துக்கு முந்தின வாரம் அதே பிளக்கில்தான் ஆன்ட்ரூஸின் ஆக்சிஜன் மெஷின் ஓடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த மாலையில், யாரோ ஒரு வயர்மேனைப் பிடித்து அவசரமாகப் போட்ட பிளக் அது. மறுநாள் காலை பெமிலா பால் வாங்கப் போயிருந்தாள். கல்லூரிக்குக் கிளம்பிய அபினேஷ், சாய்ப்பில் பல்பு எரிவதைப் பார்த்து அணைத்துவிட்டுப் போனான்.

பகலில் விளக்கு எரிந்தால் ஆன்ட்ரூஸுக்குப் பிடிக்காது. அதற்காக மகனை எத்தனையோ தடவை வைதிருக்கிறார்.

பெமிலா திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. அவர் மூச்சும்.

அலறல் கேட்டு ஓடிவந்தவர்கள் கைக்குக் கிடைத்த சுவிட்சையெல்லாம் தட்டினார்கள். அதில் மெஷின் மறுபடி ஓடியது. எந்தச் சுவிட்சில் ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை.

அபினேஷுக்குச் சந்தேகமே இல்லை. "நான்தான் அணைச்சேன்" என்று ஒரு தடவை சொன்னான். அதோடு கல்லூரியை விட்டான். அப்பாவின் அறைப்பக்கம் போகவே இல்லை. போன மாதம் பேச்சிப்பாறை அணைக்கரையில் தனியாக நின்றவனைத் தாய்மாமன் ஜெஸ்பின் கண்டு, பேச்சுக் கொடுத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நேற்றுத்தான் திரும்பக் கொண்டுவிட்டான்.

சபை ஹாலில் பெண்களுக்கு நடக்கும் வயரிங் வகுப்பில் பெமிலா சேர்ந்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான்.

மற்றவர்கள் சர்டிபிகேட்டுக்கு வந்தவர்கள். முதல் நாள் பெமிலா கரும்பலகையில் இருந்த சர்க்யூட் படத்தைப் பார்த்து, "டீச்சர், இதுல அடுக்களை எந்தப் பக்கம்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

"அக்கா, இது வீட்டுப் பிளான் இல்ல" என்றாள் ஸ்மைலின் டீச்சர். "எது எங்க இருக்குன்னு காட்டுதது லேஅவுட் படம். கரண்டு எது வழியா எதுக்குப் போகுதுன்னு காட்டுதது இந்தப் படம். பக்கத்துல பக்கத்துல இருக்கது வேற வேற லைனா இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கது ஒரே லைன்ல கிடக்கும்."

"பாத்துக்கிடுங்க, பெமிலாக்கா நாளைக்குக் கரண்டு ஆபீஸையே நடத்துவா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

பெமிலா அதைக் காதில் வாங்கவில்லை. டீச்சர் கடைசியாகச் சொன்னதிலேயே நின்றுவிட்டாள்.

சுவிட்சுக்குச் சாய்ந்த கோடு. விளக்குக்கு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. கை பழகும்வரை வரைந்தாள். போன வகுப்பில் அவள் காட்டிய படத்தில் டீச்சர் ஒரு திருத்தம்கூடப் போடவில்லை.

அந்தப் படத்தைத்தான் இப்போது மகனிடம் நீட்டினாள்.

"இதுல அப்பாக்க ரூம் எங்க?"

"ரூம் இதுல தெரியாது மக்கா. கரண்டு போற வழிதான் தெரியும். இன்னா பாரு, மெயின்ல இருந்து ரெண்டாப் பிரியுது. இந்தக் கோடு உனக்க சுவிட்சு வழியா பல்புக்கு. அந்தக் கோடு நேரா அப்பாக்க பிளக்குக்கு. நீ இதைத் தொட்டா அதுக்கு ஒண்ணும் ஆவாது."

"பின்ன மெஷின் எப்படி நின்னுச்சு?"

"ஓடித் தேஞ்ச வாடகை மெஷினு. அதுவா நின்னுபோச்சு."

"எனக்க மனசு ஆறட்டுன்னு வெறுதே சொல்லுத, யம்மா."

"என்னை நம்பண்டாம். படத்தையும் நம்பண்டாம். அணைச்சுப் பாரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

பல்பு அணைந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

போட்டான். அணைத்தான். மறுபடி போட்டான், அணைத்தான். ஃபேனின் சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

அபினேஷ் மெதுவாக நடந்து அப்பாவின் அறைக்குள் போனான். கட்டிலில் உட்கார்ந்து, சுற்றுகிற ஃபேனையே பார்த்தான். அடக்கத்தன்று அழாதவன் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதான். பெமிலா வாசலிலேயே நின்றாள். தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலை தூக்கினான்.

"பசிக்குது யம்மா."

அவள் அடுக்களைக்கு வந்து சோற்றுப்பானையைத் திறந்தாள். தட்டில் போட்ட சோறு பாதி தரையில் சிந்தியது.

அவன் மாமா வீட்டில் இருந்தபோது ஒருநாள், இதே ஃபேனை அதே பிளக்கில் சொருகிவிட்டு, அவள் தனியாக வந்து அந்தச் சுவிட்சை அணைத்துப் பார்த்தாள்.

ஃபேன் நின்றது.

மறுநாள் தக்கலைக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தாள். மெயினை அணைத்தாள். சுவிட்சுக்குப் பின்னால், பல்பு லைனில் அந்த வயர்மேன் போட்டிருந்த வயர் ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு, பிளக்குக்குத் தன் கையாலேயே தனி லைன் இழுத்தாள்.

படத்தை வரைந்தது அதற்குப் பிறகுதான்.