வடிவு வாய் திறந்தாள்

“எலும்பு கூடிட்டுதாம். இனி தாராளமாச் சிரிக்கலாமாம்.”

காலையில் டாக்டர் சொன்னதை அவர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

அவர் மனைவி வடிவு காதில் வாங்கவில்லை. மும்முரமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் போல் நடித்துக் காட்ட அந்தத் தெருவில் ஆள் கிடையாது. யார் நடையும் யார் இருமலும் அச்சு அசலாக வரும்.

பைபாஸ் முடிந்த மூன்றாம் வாரம் அப்படித்தான் எதையோ செய்து காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நெஞ்சுக்குள் ‘டக்’.

பிளந்து கட்டியிருந்த நெஞ்செலும்பில் கம்பி அறுந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன். மறுபடி கம்பி. இருமினால் எலும்பு உரசும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது.

டாக்டர் சிரிப்பைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை வியாதி என்றார், எலும்பு பலவீனம் என்றார். யார் கேட்டது? எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று வடிவு முடிவு கட்டிவிட்டாள்.

ஏழு மாதம். சோறு, மாத்திரை, வெந்நீர். வேறு பேச்சில்லை. வீடா அது?

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து அவர் மயக்கத்தில் கிடந்தபோது, அவருடைய அக்கா புருஷன் பார்க்க வந்து ஏதோ கூத்து நடந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று வடிவு சொந்தபந்தம் முழுக்கச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“அன்னைக்கு அத்தான் என்ன செஞ்சாவ?”

அவள் விரல்கள் நின்றன. உதடு துடித்தது.

“வேண்டாம்ங்க.”

“சொல்லு வடிவு.”

அவள் எழுந்தாள். தொந்தியைத் தள்ளினாள். இல்லாத மீசையை நீவினாள்.

“‘ஆம்பளைக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல தாயி’ன்னாவ. போர்வைய விலக்கித் தையலப் பாத்தாவ. தடால். பக்கத்துக் கட்டில்ல தூக்கிப் போட்டாங்க. உங்களுக்கு வாங்கிட்டு வந்த ஹார்லிக்ஸ நாந்தான் ஆத்திக் குடுத்தேன். கண்ணத் தொறக்காமலே சொல்லுதாவ, ‘இன்னும் கொஞ்சம் சீனி போடு.’”

அவர் சிரித்தார். தோள் குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தார்.

வடிவு பதறி ஓடிவந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். சிரிப்பைத் தவிர உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அவர் சட்டை ஈரமானது.

தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“உங்க அக்கா ஒப்பாரி வச்சத இன்னும் சொல்லலியே.”