மிஞ்சிய ரப்பர்

என் பழைய பனியனைச் சுருட்டி இன்ஜினின் வாயில் திணித்துவிட்டு, என் மனைவி என் பக்கம் கையை நீட்டினாள்.

எட்டாம் நம்பர் ஸ்பேனர் வேண்டுமாம். நான் பத்தைக் கொடுத்தேன். முறைத்தாள். எட்டைக் கொடுத்தேன்.

வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து இதே பிழைப்பு. இன்ஜின் காற்றை இழுக்கும் அந்தத் திறந்த வாய்க்குள் நட்டு கிட்டு விழுந்தால் இன்ஜினுக்கே உலை வைத்துவிடும். அதற்குத்தான் பனியன். அதை இன்னும் ஒரு வருடம் போட்டிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

ஓரமாக நாற்காலி போட்டு என் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கார் விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது கிடையாது. அவன் கை அழுக்காகி நான் பார்த்ததும் கிடையாது.

வண்டியோடு வந்த ஏர் ஃபில்டரை அதன் கறுப்புப் பெட்டியோடு கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய இரும்புக் குழாயையும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரையும் மாட்டிக்கொண்டிருந்தாள். இதனால் வண்டி ஒன்றும் பறக்காது, சத்தம்தான் கூடும் என்றான் அண்ணன். சத்தம் கூடி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று என்னிடம் கேட்டான். அவளிடம் கேட்கவேண்டியதையெல்லாம் எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம்தான் கேட்பான். தம்பி பெண்டாட்டியிடம் அவ்வளவு மரியாதை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

எங்கள் முந்தைய வண்டி ஓர் ஓட்டை. ஸ்டார்ட் செய்தால் உட்கார்ந்திருப்பவரின் பல்லும் சேர்ந்து ஆடும். அதில் அவள் ராணி. இந்த வண்டியோ, முன்பு வைத்திருந்தவர் பூப்போலப் பார்த்துக்கொண்டது. நின்றால் பூனை. ஓடிக்கொண்டிருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஓடுகிற இன்ஜினுக்கே மறுபடியும் சாவியைத் திருகுவாள்.

போன வாரம் பெட்ரோல் போட நின்ற வரிசையில் அப்படித்தான் திருகினாள். இன்ஜினுக்குள் சக்கரப் பற்கள் கரகரவென்று உரசின. அத்தனை முகமும் தன் பக்கம் திரும்பிச் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவள், அதன்பிறகு அதைத் தொடவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். வண்டியை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னான். அதையும் என்னிடம்தான்.

இன்று காலை சாவியைக் கையில் எடுத்தாள். இது சரிப்படாவிட்டால் விற்றுவிடுங்கள், இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பானெட்டையே திறந்தாள்.

பனியனை உருவி என் தோளில் போட்டாள். குழாயைப் பொருத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு கிளாம்பை இறுக்கினாள். என் கையிலிருந்த ஸ்பேனர் அவளுக்குப் பின்னால் தரையில் விழுந்தது. அவள் திரும்பவே இல்லை. வேலை செய்கிறவள் என்றால் இவள்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாக, குழாயை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் தகடு. தகட்டுக்கு அடியில் வைக்க ஒரு ரப்பர்த் துண்டு கொடுத்திருந்தார்கள். அவள் ரப்பர் இல்லாமல், இரும்போடு இரும்பாக வைத்து போல்ட்டை முடுக்கினாள்.

ரப்பரை எடுத்து நீட்டினேன். அதை என் உள்ளங்கையிலேயே வைத்து என் விரல்களை மடக்கிவிட்டாள்.

அண்ணன் எழுந்தே விட்டான்.

“டேய், ரப்பரை விட்டுட்டாடா! அது இல்லேன்னா ஸ்டியரிங் வரைக்கும் கிடுகிடுன்னு ஆடும். சொல்லுடா அவகிட்ட!”

அவன் சொன்னதில் தப்பில்லை. பெட்டியில் இருந்த படத்திலும் ரப்பர் இருந்தது. ஆனால் எட்டுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்வது? தவிர, மறந்துபோனவளின் முகமாக அது தெரியவில்லை. ரப்பரைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

கழற்றி வைத்திருந்த பேட்டரி வயரை இணைத்தாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

அப்பா, என்ன சத்தம்! எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். டீ அவன் சட்டையில் கொட்டியிருந்தது.

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் வைத்த தன் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் நடுங்கியது. அண்ணன் சொன்னபடியே, கிடுகிடுவென்று.

இன்ஜினை அணைத்தாள். போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள். இன்ஜின் ஓட ஓட, அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாவிப் பக்கம் அவள் கை போகவே இல்லை.

அப்போதுதான் என் கையில் இருந்த ரப்பரின் அர்த்தம் எனக்கு விளங்கியது. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்காதவள் என் மனைவி. சத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அந்த நடுக்கத்துக்காகத்தான் இவ்வளவும்.

அண்ணனுக்கும் விளங்கிவிட்டது. காதிலிருந்து கையை எடுத்தான். பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினான்.

“கெட்டிக்காரிடா உன் பொண்டாட்டி.”

அவன் தோளைப் பிடித்து வண்டியின் பக்கம் திருப்பிவிட்டேன்.

போனான். அவள் ஜன்னலுக்கு எதிரே குனிந்து நின்று, தன் உதட்டசைவை அவள் படிக்கும்படி வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக அவளிடமே அதைச் சொன்னான்.

அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். இருந்தாலும் புரியாதவள் போலத் தலையை ஆட்டி, இன்னொரு தடவை சொல்லவைத்தாள்.