மழையிலும் நிற்காத பாட்டு

பறவைகளைப் படமெடுக்க வந்தவர்கள், கரிச்சான் குரலில் பாடும் ஸ்பீக்கர் ஒன்றைத் தோப்பில் ஒரு கிளையில் கட்டிவைத்து, மறந்து போய்விட்டார்கள். "வா பெண்ணே, வந்து என்னோடு கூடு கட்டு" என்று அது ஓயாமல் பாடியது. துணை தேடிக்கொண்டிருந்த பெட்டைக் கரிச்சானுக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று.

"மழை வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டது.

"மழையானாலும் புழுதியானாலும் பாட்டை நிறுத்த மாட்டேன்," என்றது ஸ்பீக்கர்.

பக்கத்துக் கிளையில் இருந்த ஆண் கரிச்சானிடமும் பெட்டை அதையே கேட்டது.

"மழையில் பாட்டு எதற்கு? கூட்டை அல்லவா பார்க்க வேண்டும்?"

இதெல்லாம் ஒரு பதிலா என்று பெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆண் வேறு தோப்புக்குப் பறந்துபோனது.

ஸ்பீக்கருக்கு அருகிலேயே பெட்டை தனியாகக் கூடு கட்டியது. கூடு முடிந்த அன்றே பேய்மழை பிடித்துக்கொண்டது. கூடு ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஐயோ, அந்தப் பக்கம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளேன்!" என்று பெட்டை கதறியது.

ஸ்பீக்கர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த தோப்புப் பெட்டைகளுக்கும் கேட்கும்படி, மழையை மீறிக் கணீரென்று பாடியது: "வா பெண்ணே, வந்து என்னோடு கூடு கட்டு."